பட்டை நிற்கிறது, தரவு காணவில்லை: ஏஐ ஆவண இறக்குமதியில் பழுது பார்ப்பது எப்படி

வலைச் செயலியில் ஒரு பிடிஎஃப் கோப்பைப் போட்டால், உள்ளே இருக்கும் விவரங்களை ஏஐ மாடல் படித்துப் படிவத்தை நிரப்பித் தர வேண்டும். அது நடக்கும்போது எவ்வளவு முடிந்தது என்று ஒரு பட்டை காட்ட வேண்டும். டெமோவில் இது ஒரே நாளில் ஓடிவிடும். அப்புறம் நிஜக் கோப்புகள் வர ஆரம்பிக்கும், புகார்களும் கூடவே வரும். புகார் சொல்பவர் பட்டையைப் பார்த்துத்தான் சொல்கிறார். பழுதோ பட்டைக்கு நாலு அடுக்கு பின்னால் இருக்கும்.

அதனால் அறிகுறிகளுக்குள் போகும் முன் ஒரு முன்வேலை. டேட்டாபேஸில் இறக்குமதி வேலைகளுக்கென்று தனி டேபிள் ஒன்று வையுங்கள். வேலை எண், இப்போது எந்தக் கட்டம், மொத்தப் பக்கம், முடிந்த பக்கம், கடைசியாக அசைந்த நேரம், பிழைச் செய்தி, இவ்வளவு போதும். கட்டங்கள் நாலு: கோப்பு வந்து சேருதல், எழுத்தைப் பிரித்தெடுத்தல், மாடலிடம் கேட்டல், சரிபார்த்துச் சேமித்தல். பட்டை இந்த டேபிளை மட்டுமே பார்த்து நகர வேண்டும், சொந்தமாக எதையும் கணிக்கக் கூடாது. இந்த டேபிள் இல்லாவிட்டால் கீழே உள்ள பழுதுகளைக் கண்டுபிடிக்கவே முடியாது என்று சொல்ல மாட்டேன். ராத்திரி முழுக்க ஆகும், அவ்வளவுதான்.

கோப்பு ஏறவே இல்லை, 413 வருகிறது

413 என்றால் 'அனுப்பியது அளவுக்கு மீறிப் பெரியது' என்ற பிழை. செயலிக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கும் சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸில் கோரிக்கை உடலின் அளவுக்கு இயல்பான வரம்பு 1 எம்பி. ஸ்கேன் செய்த நாலு பக்கமே அதைத் தாண்டிவிடும். உங்கள் கணினியில் சரியாக ஓடியது, ஏனென்றால் அங்கே என்ஜின்எக்ஸ் இல்லை. கிளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ் என்ற அமைப்பைக் கூட்டுங்கள். முன்னால் இன்னொரு ப்ராக்ஸி (கோரிக்கையை வாங்கிச் செயலிக்குக் கடத்தும் இடைச் சர்வர்) இருந்தால் அதிலும் பாருங்கள். அதே வரம்பைப் பிரவுசர் பக்கமும் சொல்லிவிட்டால், 40 எம்பி கோப்பை முழுதாக ஏற்றிவிட்டு 'முடியாது' என்று கேட்கும் எரிச்சல் பயனருக்கு இருக்காது.

பட்டை மளமளவென்று 100 போய், அங்கேயே நிற்கிறது

பட்டை காட்டுவது பதிவேற்றத்தை மட்டும். எக்ஸ்எம்எல்எச்டிடிபிரெக்வெஸ்ட் தரும் அப்லோட் நிகழ்வு, பைட்டுகள் பிரவுசரை விட்டுக் கிளம்பின என்றுதான் சொல்கிறது. அந்தப் பைட்டுகளை என்ஜின்எக்ஸ் முழுவதும் வாங்கி வைத்துக்கொண்டு அப்புறம்தான் செயலிக்குத் தரும்; அதன் இயல்பு அது. அதற்குப் பிறகே உண்மையான வேலை தொடங்குகிறது. ஆக, பயனர் 100 பார்த்த நேரத்தில் மாடல் கோப்பின் பெயரைக்கூடப் பார்த்திருக்காது.

பதிவேற்றத்தையும் படிப்பதையும் ஒரே சதவீதத்தில் கலக்காதீர்கள். 'கோப்பு ஏறுகிறது' என்பது ஒரு வரி, 'பக்கம் 7, மொத்தம் 32' என்பது அடுத்த வரி. கோப்பு வந்ததும் சர்வர் 202 ('ஏற்றுக்கொண்டேன், வேலை பின்னால் நடக்கும்') என்ற பதிலோடு வேலை எண்ணைத் திருப்பித் தந்து கோரிக்கையை முடித்துவிட வேண்டும். அந்த எண்ணைப் பக்கத்தின் முகவரியிலேயே போட்டுவிடுங்கள். 'ரெஃப்ரெஷ் செய்தால் பட்டை காணாமல் போகிறது' என்ற இன்னொரு புகாரும் அதோடு தீரும்.

சரியாக 60 விநாடியில் 504

504 என்றால், நடுவில் நிற்கும் சர்வர் பதிலுக்குக் காத்திருந்து கைவிட்டுவிட்டது. கெடிகாரம் வைத்தாற்போல் ஒரே நேரத்தில் வரும் பிழை என்றால் உங்கள் நிரலைத் தோண்டாதீர்கள், யாரோ வைத்த கெடுவைத் தேடுங்கள். என்ஜின்எக்ஸின் ப்ராக்ஸி வாசிப்புக் கெடு இயல்பில் 60 விநாடி. அமேசான் கிளவுடின் அப்ளிகேஷன் லோட் பேலன்சரில் சும்மா இருக்கும் இணைப்புக்கான கெடுவும் இயல்பில் 60 விநாடிதான்.

கெடுவை 600 ஆக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்கள் உண்டு, நானும் போயிருக்கிறேன். அது தீர்வல்ல. 504 வந்தாலும் பின்னால் வேலை ஓடிக்கொண்டே இருக்கலாம். பயனர் மறுபடி பொத்தானை அழுத்துவார், ஒரே ஆவணம் இரண்டு முறை உள்ளே போகும். வேலையைக் கோரிக்கையிலிருந்து பிரித்துப் பின்னணியில் ஓடும் தனி நிரலான வொர்க்கரிடம் தள்ளுவதுதான் வழி.

0 இலேயே நின்று, திடீரென்று 100

இதில்தான் அதிகம் பேர் ஒரு நாளைத் தொலைக்கிறார்கள். காரணம் நாலைந்து இருக்கிறது, வெளியே தெரியும் அறிகுறி ஒன்றே. எனவே யோசிப்பதற்கு முன் பிரித்துப் பாருங்கள்.

முதலில், வேலை நடுவில் இருக்கும்போதே தனியாக ஒரு டேட்டாபேஸ் கன்சோலைத் திறந்து அந்த வேலையின் வரிசையை (டேபிளில் அதற்குரிய பதிவை) இரண்டு மூன்று முறை கேளுங்கள். 'முடிந்த பக்கம்' அங்கேயும் 0 என்றே இருந்தால் குற்றவாளி டிரான்ஸாக்‌ஷன். பல மாற்றங்களை ஒன்றாகக் கட்டிக் கடைசியில் ஒரே மூச்சில் உறுதி செய்யும் ஏற்பாடு அது; அந்த உறுதிதான் கமிட். வொர்க்கர் முழு இறக்குமதியையும் ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள் வைத்திருக்கும். உள்ளே எத்தனை முறை எண்ணைக் கூட்டினாலும் கமிட் ஆகும்வரை வெளியே யாருக்கும் தெரியாது. டேட்டாபேஸ் தன் கடமையைச் செய்கிறது, தப்பு நம்முடையது. முன்னேற்றத்தை எழுதுவதற்குத் தனி இணைப்பு ஒன்றைத் திறந்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் உடனே கமிட் செய்யுங்கள். தரவு மட்டும் கடைசியில் ஒரே மூச்சில் போகட்டும்.

கன்சோலில் எண் நகர்கிறது, திரையில் நகரவில்லையா? இப்போது முன்னேற்றத்தைப் படிக்கும் நிரலைப் பாருங்கள். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபி இயல்பில் 'ரிப்பீட்டபிள் ரீட்' நிலையில் இருக்கும். முன்னேற்றத்தைப் படிக்கும் நிரல் ஒரே டிரான்ஸாக்‌ஷனைத் திறந்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டால், முதல் முறை பார்த்த அதே படம்தான் ஒவ்வொரு முறையும் கிடைக்கும். போஸ்ட்கிரெஸில் இயல்பான நிலை 'ரீட் கமிட்டட்' என்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

படிப்பதும் சரி என்றால் மிச்சம் இருப்பது வழி. எஸ்எஸ்இ முறையில் (ஒரே இணைப்பைத் திறந்து வைத்து சர்வரே பிரவுசருக்குச் செய்திகளைத் தள்ளும் முறை) செய்தி அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பஃபரிங்கை (சேர்த்து வைத்து மொத்தமாகத் தருவதை) அணைத்த கர்ல் என்ற கட்டளை வரிக் கருவியால் ப்ராக்ஸியைத் தாண்டி நேராகச் செயலியின் போர்ட்டையே கேளுங்கள். செய்திகள் ஒவ்வொன்றாகச் சொட்டினால் செயலி நல்லபடி இருக்கிறது, நடுவில் ப்ராக்ஸி சேர்த்து வைத்துக்கொள்கிறது. பதிலில் எக்ஸ்-ஆக்செல்-பஃபரிங் என்ற ஹெடரை (பதிலின் தலையில் போகும் குறிப்பை) 'நோ' என்று அனுப்பினால் என்ஜின்எக்ஸ் அந்த ஒரு பதிலுக்கு மட்டும் பஃபரிங்கை விட்டுவிடும். ஜிஜிப் சுருக்கமும் இதே வேலையைச் செய்யும். இந்த முகவரிக்கு அதையும் அணையுங்கள்.

ப்ராக்ஸியைச் சரிசெய்தும் திரை நகரவில்லை, அல்லது நேராகக் கேட்டும் சொட்டவில்லை என்றால் இரண்டு சந்தேகங்கள். ஒவ்வொரு எஸ்எஸ்இ செய்தியும் ஒரு காலி வரியோடு முடிய வேண்டும். அது இல்லாவிட்டால் பைட்டுகள் வந்தாலும், செய்தி இன்னும் முடியவில்லை என்று பிரவுசர் காத்துக்கொண்டே இருக்கும். இன்னொன்று, நோட் அல்லது அசிங்க் பைத்தானில், பிடிஎஃப்பைப் பிரிக்கும் கனமான கணக்கை ஈவென்ட் லூப்பிலேயே (எல்லா வேலைகளையும் மாறி மாறிக் கவனிக்கும் ஒற்றைச் சுழற்சி) ஓட விட்டிருப்பீர்கள். லூப் அடைபட்டிருக்கும்போது செய்தி எழுதவும் அதற்கு நேரம் கிடைக்காது. தனி ப்ராசஸுக்கு மாற்றுங்கள்.

ஒரு முறை முன்னேற்றம் வருகிறது, அடுத்த முறை 'அப்படி ஒரு வேலையே இல்லை'

முன்னேற்றத்தை நினைவகத்தில் ஒரு டிக்‌ஷனரியில் வைத்திருக்கிறீர்கள். சர்வரில் நாலு ப்ராசஸ் ஓடுகிறது, ஒவ்வொன்றுக்கும் தனி நினைவகம். கோரிக்கை எதன் கையில் விழுகிறது என்பது அதிர்ஷ்டம். டேபிளுக்கோ, எல்லா ப்ராசஸும் பகிரும் ரெடிஸ் என்ற நினைவகக் கிடங்குக்கோ மாற்றுங்கள்.

இணைப்பு அடிக்கடி அறுகிறது. முடிந்த பிறகும் மறுபடி மறுபடி இணைகிறது

மாடல் ஒரு பெரிய பக்கத்தைப் படிக்க ஒரு நிமிடம் எடுத்தால் அந்த நிமிடம் முழுக்க இணைப்பில் சத்தமே இருக்காது. நடுவில் இருப்பவை அறுத்துவிடும். 15 விநாடிக்கு ஒரு முறை, முக்காற்புள்ளியில் தொடங்கும் கருத்து வரி ஒன்றை அனுப்புங்கள். பிரவுசர் அதைக் கண்டுகொள்ளாது, இணைப்பு மட்டும் உயிரோடு இருக்கும். அறுந்தால், பிரவுசரில் எஸ்எஸ்இயைக் கேட்கும் ஈவென்ட்சோர்ஸ் தானாக மறுபடி இணையும். அப்போது தான் கடைசியாகப் பார்த்த செய்தி எண்ணை லாஸ்ட்-ஈவென்ட்-ஐடி என்ற ஹெடரில் அனுப்பும், நீங்கள் எண் கொடுத்திருந்தால். இந்தத் தானியங்கிக் குணமே வேலை முடிந்த பின் வினையாகிறது: சர்வர் இணைப்பை மூடியதும் பிரவுசர் 'அறுந்துவிட்டதே' என்று திரும்ப வந்து கதவைத் தட்டும். 'முடிந்தது' என்ற செய்தி கிடைத்ததும் பிரவுசர் பக்கத்திலிருந்தே குளோஸ் செய்ய வேண்டும். முடிந்த வேலைக்காக மறுபடி வருபவர்களுக்கு 204 ('தர எதுவும் இல்லை') கொடுத்தால் அதோடு நின்றுவிடுவார்கள்.

பல டேப் திறந்தால் செயலியே உறைகிறது என்றால் எச்டிடிபி 1.1 இல் ஓடுகிறீர்கள். பிரவுசர்கள் ஒரு தளத்துக்கு 6 இணைப்புதான் திறக்கும். எஸ்எஸ்இ ஒவ்வொன்றும் ஒன்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எச்டிடிபி 2 க்குப் போனால் சரியாகிவிடும்.

என் கருத்தைக் கேட்டால், ஆவண இறக்குமதிக்கு இந்த எஸ்எஸ்இ எல்லாம் பெரும்பாலும் தேவையில்லை. இரண்டு விநாடிக்கு ஒரு முறை வேலையின் நிலையைக் கேட்கும் பாலிங்கே போதும், பழுதாக இடமும் குறைவு. அதற்கும் ஒரு வம்பு உண்டு: பின்னால் போன டேபில் பிரவுசர் டைமர்களை மட்டுப்படுத்தும். குரோம் 88 முதல், ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்திருக்கும் டேபில் டைமர் நிமிடத்துக்கு ஒரு முறைதான் ஓடக்கூடும். டேப் மறுபடி முன்னால் வரும் நிகழ்வைப் பிடித்து உடனே ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

90 இல் நின்றுவிட்டது, அரை மணி நேரமாக

டேபிளில் 'கடைசியாக அசைந்த நேரம்' என்ன என்று பாருங்கள். அரை மணி நேரம் பழையது என்றால் வொர்க்கர் செத்துவிட்டது, சொல்லிவிட்டுப் போக ஆளில்லை. வொர்க்கர் ஓடும் கன்டெய்னர் 137 என்ற எண்ணோடு முடிந்திருந்தால் யாரோ அதைக் கட்டாயமாகக் கொன்றிருக்கிறார்கள்; பெரும்பாலும் நினைவகம் போதாமல். ஒரு ஏ4 பக்கத்தை 300 டிபிஐயில் படமாக்கினால் 2480க்கு 3508 புள்ளிகள், வண்ணத்தோடு சுமார் 26 எம்பி. 200 பக்கக் கோப்பை எல்லாப் பக்கமும் ஒன்றாகப் படமாக்கி ஒரு லிஸ்டில் வைத்தால் 5 ஜிபியைத் தாண்டும். பக்கம் பக்கமாகப் படமாக்கி, படித்து, விட்டுவிடுங்கள்.

செத்த வேலைகளைக் கண்டுபிடிக்க ஒரு காவல் வேலையும் வேண்டும். ஐந்து நிமிடமாக அசையாத வரிசைகளைத் தேடி, 'தோல்வி' என்று குறித்து, விட்ட பக்கத்திலிருந்து தொடர விடட்டும்.

செத்துப்போகாமலேயே 90 இல் நிற்பதும் உண்டு. அது யாரோ டைமரை வைத்து நகர்த்தும் பொய்ப் பட்டை. 90 வரை ஓடிவிட்டு உண்மை வந்து சேரக் காத்திருக்கும். இதை எடுத்துவிடுங்கள். சதவீதம் தெரியவில்லை என்றால் பக்க எண்ணைச் சொல்லுங்கள், அதுவும் தெரியாவிட்டால் சுழலும் வட்டமே நேர்மையானது. எண் ஒருபோதும் பின்னால் போகக் கூடாது. ஒரு பக்கத்தை மறுபடி முயன்றால் 'பக்கம் 12 மறுமுயற்சி' என்று சொல்லிவிட்டு அங்கேயே நில்லுங்கள்.

முடிந்தது என்கிறது, உள்ளே வெறுமை அல்லது குப்பை எழுத்து

வெறுமை என்றால் பிடிஎஃப்பில் எழுத்தே இல்லை, ஸ்கேன் படம் மட்டும். ஒரு பக்கத்திலிருந்து பிரித்த எழுத்துகள் ஐம்பதுக்கும் குறைவு என்றால் அந்தப் பக்கத்தைப் படமாக மாடலுக்கு அனுப்புங்கள், அல்லது ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) வழியே கொண்டுபோங்கள். முடிவு கோப்புக்கு ஒன்று என்று இருக்க வேண்டாம், பக்கத்துக்கு ஒன்றாக எடுங்கள். நடுவில் இரண்டு பக்கம் மட்டும் ஸ்கேன் ஆன கோப்புகள் ஏராளம்.

தமிழ் ஆவணங்களில் இன்னொரு வகைக் குப்பை வரும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். பிரித்தெடுத்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். யூனிகோடிலேயே இருந்தாலும், கொம்பு முன்னால் வந்து 'கொ' மூன்று துண்டாகச் சிதறும் பிடிஎஃப்கள் உண்டு. மாடல் இதைச் சமாளித்து எதையோ எழுதிவிடும், அதுதான் ஆபத்து. இப்படிப்பட்ட கோப்புகளுக்கும் எழுத்தை நம்பாமல் பக்கத்தைப் படமாக்கித் தருவதே பாதுகாப்பு.

ஜேசன் பாதியில் உடைகிறது

மாடல் தரவைத் தரும் வடிவம்தான் ஜேசன். பதில் நீளத்துக்கு நீங்கள் வைத்த டோக்கன் (மாடல் எழுத்தை எண்ணும் துண்டு) வரம்பைத் தொட்டிருக்கிறது. மாடலின் பதிலோடு வரும் நிறுத்தக் காரணத்தைப் பாருங்கள். அதை லாகில் எழுதாதவர்கள்தான் ஜேசன் பார்சரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலான மாடல்களில் ஒரே செய்தி ஆங்கிலத்தைவிடத் தமிழில் கூடுதல் டோக்கன் பிடிக்கும். ஆங்கிலக் கோப்பில் சோதித்துவிட்டு வைத்த வரம்பு தமிழில் உடைவதற்கு அதுவே காரணம். வரம்பைக் கூட்டுவது ஒரு வாரத்துக்குத் தாங்கும். கோப்பைச் சில பக்கங்களாக வெட்டிக் கேட்பதுதான் நிலைக்கும்.

எல்லாம் பச்சை, ஆனால் வரிசைகள் குறைகின்றன

பிழை வராத பழுது இது, அதனால்தான் மோசம். 120 வரி உள்ள அட்டவணையிலிருந்து 113 வரும். ஜேசன் சரியாக இருக்கும், பட்டை 100 காட்டும், யாரும் எண்ணிப் பார்க்க மாட்டார்கள். நீண்ட அட்டவணையில் ஒரே மாதிரி வரிகளை மாடல் சத்தமில்லாமல் தாண்டிப் போவதுண்டு.

எண்ணிக்கையை மாடலிடம் கேட்டு நம்பாதீர்கள். பிரித்தெடுத்த எழுத்திலிருந்து தேதி போலவோ தொகை போலவோ தொடங்கும் வரிகளைச் சாதாரண நிரலால் எண்ணி, வந்த வரிசைகளோடு ஒப்பிடுங்கள். ஆவணத்திலேயே மொத்தத் தொகை அச்சாகியிருந்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை: கூட்டிப் பாருங்கள், பொருந்தாவிட்டால் 'முடிந்தது' என்று சொல்லாமல் 'சரிபார்க்க வேண்டும்' என்று காட்டுங்கள். ஒவ்வொரு வரிசையோடும் பக்க எண்ணையும் அந்தப் பக்கத்தில் எத்தனையாவது வரி என்பதையும் கேட்டு வாங்கினால், விட்டுப்போன இடம் பல்லிளிக்கும்.

வெட்டும் இடமும் முக்கியம். இரண்டாம் துண்டுக்கு அட்டவணைத் தலைப்பு போகவில்லை என்றால் எது அளவு, எது விலை என்று மாடல் ஊகிக்கும். முதல் பக்கத்தின் தலைப்பு வரியை ஒவ்வொரு துண்டோடும் ஒட்டி அனுப்புங்கள்.

ஆவணத்தில் இல்லாத தகவல் வருகிறது

படிவத்தில் எல்லாப் புலத்தையும் கட்டாயம் என்று வைத்தால் மாடல் எதையாவது போட்டு நிரப்பும். 'இல்லை' என்று சொல்ல இடம் கொடுங்கள். ஒவ்வொரு மதிப்புக்கும் அது எடுக்கப்பட்ட வாசகத்தை அப்படியே கேளுங்கள். அந்த வாசகம் மூலத்தில் இருக்கிறதா என்று நிரல் தேடிப் பார்க்கட்டும். தேடும் முன் வாசகத்தையும் மூலத்தையும் யூனிகோட் என்எஃப்சி என்ற ஒரே சீர் வடிவத்துக்கு மாற்ற வேண்டும். 'ொ' ஒரே குறியீடாகவும் வரலாம், 'ெ', 'ா' என்று இரண்டாகவும் வரலாம். கண்ணுக்கு வித்தியாசம் இல்லை, கணினிக்கு உண்டு. அதை மறந்து, உண்மையான மதிப்புகளையெல்லாம் பொய் என்று ஒரு வாரம் நிராகரித்துக்கொண்டிருந்தேன்.

03/04 போன்ற தேதி ஏப்ரலா மார்ச்சா என்பதை மாடல் முடிவு செய்ய விடாதீர்கள். ஆவணத்தில் உள்ளபடியே வாங்கி, பயனரிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

எல்லாமே இரண்டு முறை வந்திருக்கிறது

பொத்தானை இருமுறை அழுத்தியிருக்கலாம். அதைவிடச் சூட்சுமமானது க்யூ, அதாவது வொர்க்கர்களுக்கான வேலைகள் செய்திகளாகக் காத்திருக்கும் இடம். அமேசானின் க்யூ சேவையான எஸ்க்யூஎஸில் எடுத்த செய்தி மறைந்திருக்கும் நேரம் இயல்பில் 30 விநாடி. உங்கள் வேலை இரண்டு நிமிடம் ஓடினால், அதற்குள் செய்தி மறுபடி வெளிப்பட்டு இன்னொரு வொர்க்கர் எடுத்துவிடும். நேரத்தை நீட்டுங்கள். கூடவே கோப்பின் எஸ்ஹெச்ஏ-256 ஹாஷும் (கோப்பின் கைரேகை போன்ற எண்) பயனர் எண்ணும் சேர்ந்து தனித்தன்மை கொண்டதாக டேட்டாபேஸிலேயே தடை போடுங்கள். பொத்தானை மங்கலாக்குவது மட்டும் காப்பாற்றாது.

சில பேருக்கு மட்டும் 429

429 என்றால் 'கோரிக்கைகள் அளவுக்கு மீறிவிட்டன' என்று மாடல் சேவை மறுக்கிறது. ஒரே நேரத்தில் நாலு பேர் பெரிய கோப்பைப் போட்டிருப்பார்கள். பதிலில் ரீட்ரை-ஆஃப்டர் (எவ்வளவு நேரம் கழித்து வர வேண்டும் என்ற ஹெடர்) இருந்தால் அதை மதியுங்கள். இல்லாவிட்டால் இடைவெளியை இரட்டிப்பாக்கி, கொஞ்சம் தற்செயல் தாமதத்தையும் சேருங்கள். இல்லையேல் எல்லா வொர்க்கரும் ஒரே விநாடியில் விழித்து மறுபடி மோதிக்கொள்ளும். பட்டையில் 'வரிசையில் காத்திருக்கிறது' என்று எழுதுங்கள், பயனர் பொறுப்பார்.

ரத்து செய்தாலும் ஓடிக்கொண்டே இருக்கிறது

பொத்தான் பட்டையை மட்டும் மறைக்கிறது. வொர்க்கருக்குச் சேதியே போகவில்லை. பில் மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். டேபிளில் 'ரத்து கேட்கப்பட்டது' என்று ஒரு புலம் சேர்த்து, வொர்க்கர் ஒவ்வொரு பக்கத்துக்கும் முன்னால் அதைப் படிக்கட்டும். அதுவரை திரையில் 'ரத்து ஆகிறது' என்றே காட்டுங்கள். வொர்க்கர் நின்றதாக டேபிளில் எழுதிய பிறகு 'ரத்து ஆனது' என்று மாற்றுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.